சாப்பாட்டோடு ஒரு சின்ன கிளாஸ்

வானொலியில் பன்னிரண்டு மணிச் செய்தி தொடங்கியபோது, அஸ்கெர் வீட்டுப் பின்வாசலில் போடில் குனிந்து ஷூக்களுக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறைகளை மாட்டிக்கொண்டிருந்தாள். வினிகரில் ஊறிய ஹெர்ரிங் மீனின் வாடை கதவைத் தாண்டி வந்தது. மற்ற நாளாக இருந்தால் பசித்திருக்கும். இன்று இல்லை.

காலையில் மருத்துவமனையிலிருந்து ஒரு போன் வந்திருந்தது. பேசியவள் மரியாதையாகத்தான் பேசினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க போடில். அஸ்கெரோட மாத்திரையை நீங்கதானே பெட்டியில போடுறீங்க? வேற யாரும் கை வைக்கிறதில்லையே?"

போடில் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

அந்த மாத்திரைப் பெட்டி முன்பு கிர்ஸ்டினெயின் கையில் இருந்தது. கிர்ஸ்டினெ அஸ்கெரின் மனைவி. தன் சிறுநீரகம் ஒன்றை அவனுக்குக் கொடுத்தவள். முதியோர் இல்லத்துச் சமையலறையை நடத்தியவள். எதையும் அளந்து போட்டே பழகியவள். மேசை விரிப்பின் மேல் மாத்திரைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, காலைக்குழி மாலைக்குழி என்று போட்டு மூடுவாள்.

வசந்தத்தில் அஸ்கெரின் ரத்தத்தில் ஒரு மாத்திரையின் அளவு சரிந்தது. அவன் உடம்பு அந்த அன்னிய உறுப்பின் மேல் பாய்ந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு மாத்திரைதான். டாக்டர் அளவைக் கூட்டினார். அடுத்த முறை பார்த்தால் எகிறிக் கிடந்தது. அவன் கைகள் நடுங்கின. குறைத்தார். மறுபடி பாதாளம். இதற்கிடையில் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கிர்ஸ்டினெயைப் பார்த்து, வயதானால் எல்லோருக்கும் கவனம் பிசகும், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். பெட்டி நகராட்சியின் பொறுப்புக்குப் போயிற்று. நகராட்சி என்றால் வீட்டு நர்ஸ். வீட்டு நர்ஸ் என்றால் போடில்.

அதன்பின் கிர்ஸ்டினெ அவளுடன் அதிகம் பேசுவதில்லை. காபி வைப்பாள். தோட்டத்துக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது போடில் போயிருப்பாள்.

இப்போது போடில் பெட்டியைப் போட்டபோதும் ரத்தத்தில் அளவு ஆடிக்கொண்டிருந்தது.

சமையலறையில் இரண்டு பேர் இருந்தார்கள். அஸ்கெர் ஜன்னலோரம். படகு எஞ்சின்கள் பழுதுபார்த்த தடித்த விரல்கள். முகம் உப்பியிருந்தது, கண்ணுக்குக் கீழே தோல் பை போலத் தொங்கியது. எதிரே ஹோல்கெர். பல காலம் ஊரின் மருந்துக்கடையை நடத்தி ஓய்வு பெற்றவர், மீசையைச் சீப்பால் வாருகிறவர். மேசையில் கறுப்பு ரொட்டி, மீன், வெங்காயம், வாடிய சீஸ். நடுவில் இரண்டு கண்ணாடி ஜாடிகள்.

"வா வா போடில், நல்ல நேரத்துல வந்த. நீயே தீர்ப்பு சொல்லு," என்றான் அஸ்கெர். இரண்டு சின்ன கிளாஸ்களை ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தான். கை நடுங்கியதில் ஒன்று தளும்பியது. "எது நல்ல சிவப்பு?"

"நர்ஸம்மா நடுநிலையா இருக்க மாட்டா. உன் வீட்டுக்குத்தானே வந்திருக்கா," என்றார் ஹோல்கெர்.

"நீ தோத்துடுவேன்னு பயப்படற."

"உன்னோடது சிவப்பா இது? துருப்பிடிச்ச தண்ணி மாதிரி இருக்கு."

"துருவா? யோவ், போன வருஷம் கோப்பையை வாங்கினது யாரு?"

"போன வருஷம் நடுவருக்குக் கண்ணுல புரை."

இருவரும் சிரித்தார்கள். அடுத்த சனிக்கிழமை விடுதியில் ஸ்னாப்ஸ் சங்கத்தின் போட்டி, யார் ஊறவைத்த சாராயம் சிறந்தது என்று. ஊரில் பாதி ஆண்கள் அந்தச் சங்கத்தில் இருக்கிறார்கள். ஜூனில் கோடைத் திருநாள் நெருப்பு அணைந்த மறுவாரம் வாளிகளுடன் பழைய ரயில் பாதைக்குப் போவார்கள். பாதையோரம் முழுக்கப் பெரிகும் பூத்துக் கிடக்கும். மஞ்சள் பூ. மொட்டை நசுக்கினால் விரல் ரத்தம் பட்டதுபோலச் சிவக்கும். மொட்டுகளைச் சாராயத்தில் ஊறப்போடுவார்கள். சாராயம் சிவக்கச் சிவக்க மதிப்பு. போடில் வீட்டு அலமாரியிலும் ஒரு பாட்டில் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு அஸ்கெர் கொடுத்தது. அவளும் குடித்திருக்கிறாள். பிசினும் கசப்புமாக இருக்கும். எல்லோரும் ஆகா என்பார்கள். அவளும் ஆகா என்றிருக்கிறாள்.

"நான் தீர்ப்பு சொல்ல வரல. மாத்திரை போட வந்தேன்," என்றாள்.

மேசையின் ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். மேசை விரிப்பு பிசுபிசுத்தது. சாப்பிட்டு முடித்த குழிகள் எல்லாம் காலி. ஒன்றும் விடுபடவில்லை. அவள் அளவைச் சரிபார்த்து, மாத்திரைகளை அட்டையிலிருந்து எடுத்து, போட ஆரம்பித்தாள். காதுக்குப் பக்கத்தில் அஸ்கெர் மென்றுகொண்டிருந்தான். வாய் மூடாமல் மெல்கிறவன்.

பிறகு வேறொரு சத்தம் கேட்டது. ஈரமாக உறிஞ்சும் சத்தம்.

நிமிர்ந்தாள். அஸ்கெர் ஒரு நீளக் கரண்டியை ஜாடிக்குள் விட்டு, அடியில் படிந்திருந்த மொட்டுகளை வழித்தெடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். நிறம் போய் வெளுத்த, ஊறி உப்பிய மொட்டுகள். செத்த பூச்சிகள் மாதிரி இருந்தன. சாறு அவன் முகவாயில் வழிந்தது. அதைப் புறங்கையால் துடைத்து, புறங்கையை நக்கினான்.

"சீ," என்றாள் போடில். அவளையறியாமல் வந்துவிட்டது.

"என்ன சீ? வீணாக்கச் சொல்றியா? மருந்தே இதுலதான் இருக்கு," என்றான் அஸ்கெர்.

போடிலின் கையில் ஒரு மாத்திரை இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

மனம் சோர்ந்தவர்களுக்கென்று கடைகளில் விற்கிறார்களே, அந்தக் காப்ஸ்யூலில் இருப்பது இந்தப் பூதான். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் அதைத் தொடவே கூடாது. இது நர்ஸுகளுக்கு முதல் பாடம். அவளுக்கும் எப்போதும் தெரிந்ததுதான். டாக்டர் சீட்டு இல்லாமல் காப்ஸ்யூலை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பல்பொருள் அங்காடியில் பல் பசைக்குப் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள். அதனால்தான் அவள் மறக்காமல் கேட்பாள். மூலிகை மருந்து? இயற்கை வைத்தியம்? சத்து மாத்திரை?

ஒவ்வொரு முறையும் அஸ்கெர் சிரிப்பான். "அதெல்லாம் கோபன்ஹேகன் பொம்பளைங்க சமாச்சாரம். எனக்கெதுக்கு?"

மது?

"சாப்பாட்டோட ஒரு சின்ன கிளாஸ்."

ஒரு சின்ன கிளாஸ் பரவாயில்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார். இரண்டும் தனித்தனிக் கேள்விகள். இரண்டுக்கும் சரியான பதில் வந்தது. பூ காப்ஸ்யூலில் இருந்தால் மருந்து. கிளாஸில் இருந்தால் மதிய உணவு. அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்கவே இல்லை.

"தினமுமா குடிக்கிறீங்க இதை?"

"தினமும் எங்க குடிக்க விடறாங்க."

"அஸ்கெர். விளையாட்டு இல்ல. தினமுமா?"

"சாப்பாட்டோட ஒண்ணு. ராத்திரி தூக்கத்துக்கு ஒண்ணு. போட்டிக்கு முன்னாடின்னா ருசி பார்க்கணும்ல, கூட ரெண்டு." அவன் கரண்டியை நக்கி மேசை மேல் வைத்தான். "என்ன இப்ப? கள்ளச்சாராயமா காய்ச்சினேன்? சட்டப்படி வாங்கின சாராயம், ரோட்டோரத்துப் பூ."

"இந்தப் பூ உள்ள போனா கல்லீரல் உங்க மாத்திரையைக் கண்டபடி அழிச்சுடும். நான் போடுற மாத்திரை உங்களுக்குள்ள நிக்கறதே இல்ல. அதான் அளவு சரியுது. அதான் கிட்னி கெடுது."

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அதிர்ச்சி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அஸ்கெர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினான். ஹோல்கெர் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"ஹோல்கெர்," என்றாள்.

"ம்."

"நீங்க மருந்துக்கடை வெச்சிருந்தவர்."

"வெச்சிருந்தேன். வித்துட்டேன்."

"இவர் என்ன மாத்திரை சாப்பிடறார்னு உங்களுக்குத் தெரியும்."

"அடுத்தவங்க மாத்திரையைப் பத்தி நான் பேசறதில்ல. தொழில் தர்மம்." மீசையைக் கைக்குட்டையால் ஒற்றினார். கைக்குட்டையில் மஞ்சளாகக் கடுகு விழுதின் கறை படிந்தது.

"அட, அவரைப் போய் ஏன் குடையற?" என்றான் அஸ்கெர். "அவர் சொல்லிட்டார். எனக்கு ஆபரேஷன் முடிஞ்ச வருஷமே சொல்லிட்டார். பெரிகும் அந்த மாத்திரைக்கு ஆகாது, பாத்துக்கோன்னு. அவர் மேல பழி போடாதே."

"சொன்னேன். தெளிவா சொன்னேன்," என்றார் ஹோல்கெர். "வயசு வந்த மனுஷன். அதுக்கு மேல அவன் இஷ்டம்."

"சொல்லிட்டு, அவரோட உக்காந்து குடிச்சீங்க."

"நான் மாத்திரை சாப்பிடல போடில். எனக்கு என்ன?"

போடில் திரும்பி உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சேதான் குடிச்சீங்களா?" என்று அஸ்கெரைக் கேட்டாள்.

"என்னை என்ன முட்டாள்னு நினைச்சியா?" அவன் கண்கள் மின்னின. சீட்டாட்டத்தில் ஏமாற்றி ஜெயித்ததைச் சொல்கிறவன்போல மேசை மேல் குனிந்தான். "ரத்தம் எடுக்கற தேதி முன்னாடியே தெரியும்ல? அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி நிறுத்திடுவேன். ஒரு சொட்டு கிடையாது. கல்லீரல் பழைய நிலைக்கு வர அவ்வளவு நாள் ஆகும்னு இவர்தான் சொன்னார். ரத்தம் குடுத்துட்டு வந்து மறுநாள் மறுபடி ஆரம்பம். ரிசல்ட் நல்லா வரும், யாருக்கும் தொந்தரவில்ல. என்ன, வசந்தத்துல ஒரு தடவை திடீர்னு கூப்பிட்டுட்டாங்க. அன்னிக்கு மாட்டிக்கிட்டேன். அவங்க டோஸை ஏத்தினாங்க. நான் வழக்கம்போல நிறுத்தினேனா, அளவு கூரைக்கு ஏறிடுச்சு. கை வேற நடுங்குது. குறைச்சாங்க. கோடைக் கடைசியில மறுபடி சொல்லாம கூப்பிட்டாங்க, மறுபடி மாட்டினேன். அங்கதான் கணக்கு குழம்பிப்போச்சு."

"கணக்கு," என்றாள் போடில்.

"உன் மேல தப்பு சொல்றாங்களா? நான் வேணா பேசறேன். போடில் தங்கமான பொண்ணு, பெட்டியெல்லாம் சுத்தமா போடறான்னு சொல்றேன்."

"கிர்ஸ்டினெ மேல தப்பு சொன்னாங்க. நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

அஸ்கெர் வெண்ணெய்க் கத்தியை ரொட்டியின் ஓரத்தில் துடைத்தான்.

"அது வந்து... டாக்டர் ரொம்ப நல்லவிதமாத்தான் சொன்னார். யாருக்கும் வர்றதுதான்னார். அவளும் அழல கிழல. நான் அன்னிக்கே சொல்லியிருந்தா என்னைத் திட்டியிருப்பாங்க. அவளை யாரு திட்டப்போறா? அவ கிட்னி குடுத்தவ. அவளைத் தலையில வெச்சுக் கொண்டாடறாங்க."

பின்வாசலில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது.

கிர்ஸ்டினெ அங்கே நின்றிருந்தாள். தோண்டிய உருளைக்கிழங்கு வாளி காலடியில் இருந்தது. கையுறைகளில் மண். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் வெகுநேரமாக நின்றிருந்தவள்போல இருந்தது.

வானொலியில் நாளைக்கு மேற்கிலிருந்து காற்று என்றார்கள். கிர்ஸ்டினெ கையுறைகளைக் கழற்றினாள். வானொலியை அணைத்தாள். கைகழுவும் தொட்டியருகே நின்று நகக்கண் வரை தேய்த்துக் கழுவினாள். குழாய் நிற்க நெடுநேரம் ஆனது.

அஸ்கெர்தான் முதலில் எழுந்தான். "சரி. சரி. ஒத்துக்கறேன்." ஜாடியைத் தூக்கி, கிர்ஸ்டினெயைச் சுற்றிக் கையை நீட்டித் தொட்டியில் கவிழ்த்தான். சிவப்பு நீர் அவள் கழுவிய கைகள் மேல் தெறித்தது. மொட்டுகள் சொதசொதவென்று வடிகுழியில் விழுந்து அடைத்துக்கொண்டன. "முடிஞ்சது. பார்த்துக்கோங்க ரெண்டு பேரும். இனிமே தொட மாட்டேன். கோப்பையாவது மண்ணாவது. முடிஞ்சு போச்சு, விடுங்க."

"முடியல," என்றாள் போடில். "இப்ப இருக்கற டோஸ் உங்க சாராயத்தையும் சேர்த்துப் போட்டது. அது டாக்டருக்கே தெரியாது. நீங்க பாட்டுக்கு நிறுத்தினா அளவு எகிறும். அதுவும் கிட்னியைக் கெடுக்கும். நிறுத்தணும், ஆனா அவங்களுக்குச் சொல்லி, ரத்தம் பார்த்துப் பார்த்து டோஸைக் குறைக்கணும்."

"சொல்லியா?"

"சொல்லித்தான்."

அஸ்கெரின் முகம் முதன்முறையாக மாறியது. உட்கார்ந்தான். "போடில். இதோ பாரு. நீ எனக்குத் தங்கச்சி மாதிரி. சொல்லாதே. வேற ஏதாவது சொல்லு. தோட்டத்துல ஏதோ தின்னுட்டார்னு சொல்லு."

"நான் சொல்லியே ஆகணும்."

"தெரிஞ்சே குடிச்சான்னு அவங்க எழுதிட்டா, என்னைக் கழிச்சுக் கட்டிடுவாங்க. நாளைக்கு இந்தக் கிட்னி போச்சுன்னா இன்னொண்ணு தர மாட்டாங்க."

"இன்னொண்ணா?" என்றாள் கிர்ஸ்டினெ.

அறைக்குள் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். குரல் உயரவில்லை. கடைக்காரனிடம் விலையைத் திருப்பிக் கேட்பதுபோல் கேட்டாள்.

"இல்ல கிர்ஸ்டினெ, பேச்சுக்குச் சொன்னேன்..."

"நான் அந்தப் பெட்டியை எத்தனை தடவை மறுபடி மறுபடி எண்ணியிருப்பேன். ராத்திரி தூக்கம் வராம எழுந்து வந்து எண்ணியிருக்கேன். எனக்கு மூளை கலங்குதான்னு தலையை ஸ்கேன் எடுக்கக் கேட்டேன். எடுத்தாங்க. நீதான் கார் ஓட்டின."

அஸ்கெர் தட்டைப் பார்த்தான். ஹெர்ரிங் துண்டு ஒன்று வினிகரில் தோல் பளபளக்கக் கிடந்தது.

"திரும்பி வர்ற வழியில ஹாட் டாக் வாங்கிக் குடுத்த," என்றாள்.

ஹோல்கெர் எழுந்தார். நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளினார். தன் ஜாடியைக் கைக்குள் அணைத்துக்கொண்டார். பிறகு மேசையைச் சுற்றித் தேடினார்.

"மன்னிக்கணும். இதோட மூடி இங்கதான் எங்கேயோ வெச்சேன்."

அவர் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். முழங்கால் மடக்கென்று சத்தமிட்டது. மூடி போடிலின் மாத்திரை அட்டைகளுக்கு நடுவில் இருந்தது. அதை நீட்டினாள். அவர் விரல் அவள் விரலில் பட்டது. சில்லென்று ஈரமாக இருந்தது. அவர் போனபின் அவள் கையைப் பேண்ட்டில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

போனை எடுத்து மருத்துவமனையின் எண்ணை அழுத்தினாள். அஸ்கெர் எழுந்து வரப் பார்த்தான். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டான். காத்திருக்கச் சொல்லி இசை ஒலித்தது. போடில் மனதுக்குள் வாக்கியத்தைத் தயார் செய்தாள். எதை முதலில் சொல்வது என்பது அவளுக்கு முக்கியமாகப்பட்டது. பூவைப் பற்றி இல்லை. தன்னைப் பற்றியும் இல்லை.

காலையில் பேசியவளே எடுத்தாள்.

"போடில் பேசறேன். அஸ்கெர் வீட்லேர்ந்து. முதல்ல இதைக் கேட்டுக்குங்க: கிர்ஸ்டினெ போட்ட பெட்டியில ஒரு தப்பும் இருந்ததில்ல. ஒரு நாளும் இருந்ததில்ல. இவர் தினமும் பெரிகும் ஊறின ஸ்னாப்ஸ் குடிக்கிறார். ஆமா. அதேதான். மொட்டையும் சேர்த்துத் திங்கறார். இல்ல, தெரியாம இல்ல. தெரிஞ்சேதான். ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி நிறுத்திட்டு, அப்புறம் குடிக்கிறார்."

மறுமுனையில் அவள் மூச்சை உள்ளிழுப்பது கேட்டது. இருங்கள், டாக்டரையே கூப்பிடுகிறேன் என்றாள். மறுபடி இசை.

கிர்ஸ்டினெ மேசையைச் சுத்தம் செய்யத் தொடங்கியிருந்தாள். ரொட்டித் தூள்களை உள்ளங்கையால் கூட்டினாள். அஸ்கெரின் கிளாஸை எடுத்தாள், அவன் வாய் பட்ட இடத்தைத் தொடாமல், அடியைப் பிடித்து. கரண்டியை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்தாள். அஸ்கெர் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தான்.

"கிர்ஸ்டினெ. இன்னும் அது வேலை செய்யுதுடி. பாதியாவது செய்யுது. நான் பார்த்துக்கறேன். இனிமே கண்ணும் கருத்துமா பார்த்துக்கறேன்."

அவள் அவன் வயிற்றைப் பார்த்தாள். கம்பளிச் சட்டை இறுகி, பித்தான்களுக்கு நடுவே உள்சட்டை தெரிந்தது. வலப்பக்கம், அடிவயிற்றில், அது இருக்கும் இடத்தைத்தான் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வையில் கோபம் இருந்ததாகப் போடிலுக்குத் தோன்றவில்லை. கழிவறையை அடைத்துக்கொண்டு கிடப்பதைப் பார்ப்பவள்போல் பார்த்தாள்.

இசை நின்றது. டாக்டரின் குரல் போடிலின் பெயரைச் சொன்னது.

கிர்ஸ்டினெ கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போடிலின் பக்கம் வந்து நின்றாள்.

"அவரைக் கேளு," என்றாள். "அதை எடுத்து எனக்கே திருப்பி வெக்க முடியுமான்னு கேளு."